பீரங்கியொலியும் பச்சை ஞாயிறும்: வான்நிகழ்வுகளை விசாரித்த வரலாற்றிலிருந்து

1883ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில் சிங்கப்பூரிலிருந்து இரண்டு நீராவிக் கப்பல்கள் மற்றொரு கப்பலைத் தேடிப் புறப்பட்டன. கடலிலிருந்து பீரங்கி வெடிப்பது போன்ற ஒலி விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. ஆபத்தில் சிக்கிய கப்பல் பீரங்கி சுட்டு உதவி கேட்பது அக்காலக் கடல் வழக்கம். ஆகவே கேட்டவர்கள் ஐயமின்றி முடிவு செய்தனர்: எங்கோ ஒரு கப்பல் மூழ்கிக்கொண்டிருக்கிறது. மீட்கச் சென்றவர்களின் கடமையுணர்வில் குறை காண எவராலும் இயலாது. ஆனால் தேடப்பட்ட கப்பல் இல்லவே இல்லை. அவர்கள் கேட்ட ஒலி ஏறத்தாழ 840 கிலோமீட்டர் தொலைவில், சாவகத்துக்கும் சுமத்திராவுக்கும் இடைப்பட்ட சுந்தா நீரிணையில், கிராக்கத்தோவா என்னும் எரிமலைத் தீவு வெடித்துச் சிதறிய ஒலி.

ஒலி உண்மை. கேட்டவர்களின் செவி பிழைபடவில்லை. பிழைபட்டது ஒலிக்கும் முடிவுக்கும் இடையில் அவர்கள் எடுத்துவைத்த ஓர் அடி. வானிலும் வளியிலும் இன்னதென்று விளங்காத ஒன்றைக் கண்டவரும் கேட்டவரும் சொல்வதை எவ்வாறு விசாரிப்பது என்ற கேள்விக்கு இந்நகரத்தின் இந்நிகழ்ச்சியை விடப் பொருத்தமான தொடக்கம் நமக்குக் கிடைக்கவில்லை. இப்பொருளைப் பேசுவோர் பலரும் அமெரிக்கப் பாலைவனத்திலிருந்து தொடங்குவர். நாம் நம் துறைமுகத்திலிருந்து தொடங்குவோம்.

ஏனைய இடங்களில் என்ன நடந்தது என்பதையும் பார்த்துவிடலாம். அச்சேயில், கோட்டை ஒன்று தாக்கப்படுகிறது என்று கருதிப் படைவீரர்களை ஆயத்த நிலையில் நிறுத்தினர். இந்தியப் பெருங்கடலின் தியகோ கார்சியா தீவில், சிங்கப்பூரைப் போலவே, ஆபத்தில் சிக்கிய கப்பலென்று எண்ணிக் கரைக்கு ஓடினர். போர் நடந்துகொண்டிருந்த அச்சேயில் போர் கேட்டது. கப்பலை நம்பி வாழ்ந்த ஊர்களில் கப்பல் கேட்டது. ஒரே ஒலியை ஒவ்வோர் ஊரும் தன் அச்சத்துக்கு ஏற்பப் பெயரிட்டது. ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ரொட்ரிகசுத் தீவின் காவல்துறைத் தலைவர் ஜேம்ஸ் வாலிஸ், கிழக்கிலிருந்து பெரும் பீரங்கிகளின் முழக்கம் போன்ற ஒலி வந்தது என்று குறித்துவைத்தார். திசையை எழுதினார், நேரத்தையும் எழுதினார். அக்குறிப்பே பின்னர் உலகின் மிகத் தொலைவில் செவியால் கேட்கப்பட்ட ஒலிக்குச் சான்றாயிற்று.

சிங்கப்பூருக்கு 1879இல் வந்த தொலைபேசியும் இதில் சாட்சியாயிற்று என்பது வியப்புக்குரியது. அன்று தொலைபேசியின் செவிக்குழலை எடுத்தவர்களுக்கு அருவி வீழ்வது போன்ற இரைச்சல் கேட்டது. எதிர்முனையில் உள்ளவர் உரக்கக் கத்தினாலும் சொல் விளங்கவில்லை. இதனைத் தெரிவித்தவர்கள் காரணம் எதனையும் கற்பிக்க முயலாமல் கேட்டதை மட்டும் கேட்டவாறே தெரிவித்தனர். இத்தகைய குறிப்புகள் அரியவை.

காட்சியும் கருதலும்

இந்த வேறுபாடு தமிழுக்குப் புதிதன்று. மணிமேகலையின் சமயக்கணக்கர் தந்திறம் கேட்ட காதையில் அளவைவாதி, அறிவு பெறும் வழிகளைப் பத்தாக எண்ணுகிறான். காண்டல், கருதல், உவமம், ஆகமம் என அவ்வரிசை நீள்கிறது. ஐதிகம் என்ற அளவைக்கு அவன் தரும் எடுத்துக்காட்டு, இந்த மரத்தில் பேய் உண்டு என்று உலகம் வழிவழியாகச் சொல்வதை ஏற்றுத் தெளிதல். அறிவு வழுவும் இடங்களையும் அவன் எட்டாக அடுக்குகிறான். இப்பியை வெள்ளியென உணர்வது திரிதல். தூரத்தில் நிற்பது தறியோ மனிதனோ எனத் தடுமாறுவது ஐயம். ஆராயாமலேயே அத்தறியை மனிதனென்று முடிவுகட்டிவிடுவது தேராது தெளிதல். சிங்கப்பூர்த் துறைமுகத்தில் நிகழ்ந்தது இம்மூன்றாம் வகை. பீரங்கி போன்ற ஒலி என்பது காண்டல். கப்பல் மூழ்குகிறது என்பது கருதல். ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும்: அவர்கள் தங்கள் கருதலைக் கரையில் உட்கார்ந்து நம்பிக்கொண்டிருக்கவில்லை, கப்பல் அனுப்பிச் சோதித்தார்கள். அந்த அளவில் அவர்களே இத்துறையின் முன்னோடிகள் எனலாம்.

தமிழ் இலக்கணமே சாட்சிக்கு உதவும் சில கருவிகளை வைத்திருக்கிறது. உவம உருபு ஒன்று. ‘பீரங்கி வெடித்தது’ என்பதற்கும் ‘பீரங்கி வெடித்தது போன்ற ஒலி கேட்டது’ என்பதற்கும் இடையே இரண்டு கப்பல்களின் நிலக்கரிச் செலவு இருக்கிறது. மற்றொன்று, நாம் நாள்தோறும் எண்ணாமல் ஆளும் ‘ஆம்’ என்னும் இறுதி. ‘விழுந்தது’ என்றால் சொல்பவர் பொறுப்பேற்கிறார். ‘விழுந்ததாம்’ என்றால் பிறர்வாய்க் கேட்டது என்று அறிவித்துவிடுகிறார். ஆங்கிலத்தில் இதற்குத் தனித் தொடரே வேண்டும். ஆனால் செய்தி ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் செல்லும்போது முதலில் உதிர்வதும் இந்த ‘ஆம்’ தான். மூன்றாம் வாய்க்குப் போவதற்குள் ‘விழுந்ததாம்’ என்பது ‘விழுந்தது’ ஆகிவிடும்.

ஒரு சொல் சாட்சியத்தையே மாற்றிவிட்டதற்கு 1947இல் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அவ்வாண்டு ஜூன் 24ஆம் நாள், கென்னத் ஆர்னால்டு என்ற அமெரிக்க விமானி, வாஷிங்டன் மாநிலத்தின் ரெய்னியர் மலை அருகே ஒளிவீசும் ஒன்பது பொருள்கள் விரைந்து செல்லக் கண்டார். நீர்ப்பரப்பின் மேல் எறிந்த தட்டு தத்தித்தத்திச் செல்வது போல அவை சென்றன என்று அவர் சொன்னார். அவர் உவமித்தது இயக்கத்தை. நாளிதழ்கள் அதனை வடிவமாக்கிப் ‘பறக்கும் தட்டு’ என்று பெயரிட்டன. அதன்பின் உலகெங்கும் மக்கள் தட்டு வடிவிலேயே காணத் தொடங்கினர். வினையுவமம் மெய்யுவமமாகப் பிறழ்ந்ததால் நேர்ந்த விளைவு இது. தொல்காப்பிய உவமவியலைப் பயிற்றும் ஆசிரியர்கள் வினை, பயன், மெய், உரு என்ற பாகுபாட்டுக்கு இதனினும் வலுவான எடுத்துக்காட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை.

பச்சை ஞாயிறு

1883க்குத் திரும்புவோம். எரிமலை வெடித்து ஏறத்தாழ இரண்டு வாரம் கழிந்த பின், செப்டம்பர் 9ஆம் நாளை ஒட்டி, சென்னையிலும் தென்னிந்தியாவின் பல இடங்களிலும் இலங்கையிலும் ஞாயிறு பச்சை நிறமாகத் தோன்றிற்று. கீழ்வானில் எழும்போதும் மேல்வானில் சாயும்போதும் பச்சை. சில இடங்களில் நீலம். ஒளி மங்கி, வெறுங்கண்ணால் நோக்கக்கூடிய வட்டமாக அது நின்றது. இது ஒருவர் இருவர் கண்ட காட்சியன்று. கண் உடைய அனைவரும் கண்டது. எனவே ‘கண்டது உண்மையா’ என்ற கேள்வி எழவில்லை. ‘கண்டது என்ன’ என்ற கேள்விதான் எழுந்தது.

சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் சார்லஸ் மிச்சி ஸ்மித் நிறமாலைநோக்கியை அந்த ஞாயிற்றின்மேல் திருப்பினார். பின்னாளில் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தை நிறுவி நடத்தியவர் இவரே. சென்னை வானாய்வகத்தின் நார்மன் பாக்சனும் நிகழ்வைக் குறித்தெழுதினார். ஸ்மித் கண்ட நிறமாலையில் நீராவிக்குரிய பட்டைகள் அழுத்தமாகத் தெரிந்தன. எனவே காற்றில் மிகுந்த நீராவியே காரணமாகலாம் என்ற கருத்துக்கு வலு இருந்தது. எரிமலையோ கண்காணாத் தொலைவில் இருந்தது. வெடித்துப் பதினான்கு நாளும் ஆகிவிட்டன. அன்று நாம் சென்னையில் இருந்திருந்தால் நீராவியின் பக்கமே நின்றிருப்போம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

முடிச்சு அவிழ்ந்தது ஓர் ஊரின் சாட்சியால் அன்று. பல ஊர்களின் சாட்சியங்களை நாள்வாரியாக அடுக்கியதால். இலண்டன் அரசக் கழகம் 1884 ஜனவரியில் ஒரு குழுவை அமைத்தது. ஜி. ஜே. சைமன்ஸ் தலைமையேற்றார். நிகழ்வுகளைக் கண்டவர்கள் நாள், நேரம், இடத்துடன் எழுதியனுப்ப வேண்டும் என்று செய்தித்தாள் வழியே வேண்டுகோள் விடப்பட்டது. வந்து குவிந்த கடிதங்கள், கப்பற் குறிப்பேடுகள், கருவிப் பதிவுகள் ஆகியவற்றை ஆராய்ந்து 1888இல் ஏறத்தாழ 500 பக்க அறிக்கை வெளிவந்தது. அதில் வானத்து நிறமாற்றத்தைப் பற்றிய பகுதியே மிகப் பெரியது.

நாள்களை அடுக்கியபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது. ஆகஸ்டு இறுதியில் இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதித் தீவுகள். செப்டம்பர் தொடக்கத்தில் அத்திலாந்திக்கைக் கடந்து நடு அமெரிக்கப் பகுதி. செப்டம்பர் 5ஆம் நாள் ஹவாயின் ஹொனலூலு. அதன்பின் 9ஆம் நாளை ஒட்டி இலங்கையும் சென்னையும். விந்தை நிறங்கள் நிலநடுக்கோட்டை ஒட்டி மேற்கு நோக்கி உலகைச் சுற்றிவந்திருந்தன. சென்னைக்காரர்கள் கண்ட பச்சை, கிழக்கே இருந்த எரிமலையிலிருந்து நேராக வரவில்லை. உலகைச் சுற்றிக்கொண்டு கிழக்கு வழியாகவே மீண்டும் வந்தது. இந்த வழித்தடத்தில் ஓர் ஊரை மட்டும் எடுத்து நீராவி என்று விளக்கிவிட முடியும். எல்லா ஊர்களையும் நாள் வரிசையில் விளக்க இயலாது. ஹொனலூலுவில் இருந்த சமயப் பணியாளர் செரீனோ பிஷப் ஞாயிற்றைச் சூழ்ந்த மங்கலான செம்பழுப்பு வளையத்தைக் கண்டு பதிந்தார். அது இன்றும் பிஷப் வளையம் என்றே வழங்குகிறது.

நவம்பர் இறுதியில் அமெரிக்காவின் பொகீப்சி, நியூ ஹேவன் நகரங்களில் மாலைச் செக்கரைப் பெருந்தீ என்று கருதித் தீயணைப்பு வண்டிகளை அழைத்தார்கள். சிங்கப்பூரின் இரண்டு கப்பல்களுக்கு இவ்வண்டிகள் உடன்பிறப்புகள்.

பருப்பொருட் சான்றுகளின் கதை வேறு வகையானது. மனிதர் உறங்கினாலும் கருவி உறங்குவதில்லை. உலகெங்கும் இருந்த காற்றழுத்தமானிகளின் தாள்களில் ஒரு திடீர்த் துடிப்பு பதிவாகியிருந்தது. அத்துடிப்பு ஏறத்தாழ 5 நாள்களில் ஏழு முறை வரை மீண்டும் மீண்டும் சில இடங்களைக் கடந்தது; கிராக்கத்தோவாவிலிருந்து இருபுறமும் கிளம்பி உலகைச் சுற்றிய காற்றலையின் சுவடு அது. பத்தாவியாவின் எரிவாயு ஆலையில் இருந்த அழுத்தமானி, யாரும் எதிர்பாராத வகையில், வெடிப்பு நேரத்தை நிர்ணயிக்க உதவிற்று. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் இருந்த கடல்மட்டமானிகள் அலையைப் பதிந்தன. எரிமலைச் சாம்பல் சிங்கப்பூர் வரை வந்து விழுந்தது. செவி சொன்னதைச் சாம்பல் உறுதிப்படுத்திற்று.

சாட்சியத்தின் நேரத்தைச் சரிபார்ப்பது அன்று எளிதாயில்லை. ஊருக்கு ஊர் தன் நண்பகலைக் கொண்டு கடிகாரத்தை வைத்த காலம் அது. கிரீனிச்சை முதல் நெடுங்கோடாக ஏற்ற வாஷிங்டன் மாநாடு 1884 அக்டோபரில்தான் கூடிற்று. மாணவர்கள் செய்துபார்க்கத்தக்க கணக்கு ஒன்றைத் தருகிறோம். பெருவெடிப்பு ஆகஸ்டு 27ஆம் நாள் திங்கட்கிழமை, கிராக்கத்தோவாவின் தல நேரப்படி காலை 10.02. சிங்கப்பூர் அதற்கு ஏறத்தாழ ஒன்றரைப் பாகை மேற்கே உள்ளது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்ற கணக்கில் இங்குள்ள கடிகாரம் 6 நிமிடம் பின்தங்கியிருக்கும். அப்போது இங்கே 9.56. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும்; 840 கிலோமீட்டருக்கு 41 நிமிடம். ஆக, பெருவெடிப்பின் ஒலி இங்கு வந்துசேரும் நேரம் 10.37 அளவில். சிங்கப்பூரிலிருந்து அந்நாளைய சாட்சி ஒருவர் ‘காலை 10 மணிக்கு முன்பே அப்பெரும் ஒலியைக் கேட்டேன்’ என்றால், அவர் கேட்டது முந்தைய வெடிப்புகளில் ஒன்றாக இருக்கலாம், அல்லது அவர் கடிகாரம் தவறாக இருக்கலாம். அவரைப் பொய்யர் என்று சொல்ல வேண்டிய தேவையே எழவில்லை.

அரசக் கழக அறிக்கையும் முற்றாகச் சரியன்று. நிறமாற்றத்துக்கு எரிமலையின் நுண்தூசே தலையாய காரணம் என்று அது கொண்டது. எரிமலை உமிழ்ந்த கந்தக வாயுவிலிருந்து மேல்வளியில் உருவாகும் கந்தக அமில நுண்துளிகளே பெரும்பங்கு என்பது இருபதாம் நூற்றாண்டில் தெளிவாயிற்று. துகள்கள் ஏறத்தாழ ஒரே பருமனாகவும் ஒளியலையின் நீளத்தை ஒத்தும் இருந்தால் சிவப்பு மிகுதியாகச் சிதறிப்போகும். எஞ்சி வருவது பச்சையும் நீலமும். அறிக்கையின் விளக்கம் திருத்தப்பட்டது; நாள், நேரம், இடம் குறித்த சாட்சியங்கள் திருத்தம் எதுவும் வேண்டாமல் இன்றும் பயன்படுகின்றன.

யாருடைய கண்கள்?

அவ்வறிக்கையைப் படிக்கும் தமிழருக்கு ஓர் உறுத்தல் எழாமல் இராது. சாட்சிகளாக அதில் நிற்போர் பெரும்பாலும் கப்பல் தலைவர்கள், துறைமுக அலுவலர்கள், ஆட்சியாளர்கள், சமயப் பணியாளர்கள். இன்று லிட்டில் இந்தியா என்று வழங்கும் சிராங்கூன் சாலைப் பகுதியை அன்றைய தமிழர் சுண்ணாம்புக் கம்பம் என்றனர். சுண்ணாம்புக் காளவாய், மாட்டுக் கொட்டில், குதிரைப் பந்தயத் திடல் ஆகியவற்றுக்கு இடையே உழைத்தவர்களுக்கும் செவி இருந்தது. ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில் சுண்ணாம்புக் கம்பக் கோயில் என்றே அறியப்பட்டிருந்தது. அவ்வழிபாட்டிடத்தில் அன்று மாலை கூடியவர்கள் அவ்வொலியைப் பற்றிப் பேசாமல் இருந்திருப்பார்கள் என்று நம்புவது கடினம். ஆனால் சைமன்ஸின் வேண்டுகோள் ஆங்கிலச் செய்தித்தாளில் வந்தது. ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தவர்கள் விடையெழுதினர். மகுதூம் சாயபு நடத்திய ‘சிங்கை நேசன்’ வார இதழ் 1887இல்தான் தொடங்கிற்று. பந்தலுக்கு அடியில் பேசப்பட்டவை பந்தலோடு போயின.

இதில் இழப்பு உணர்ச்சி சார்ந்தது மட்டுமன்று. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வழியாக இங்கு வந்த கப்பல்களில் இருந்த தமிழ்ப் பயணிகளும், சோழமண்டலக் கரை மீனவர்களும் வானத்தைப் பார்த்தே வாழ்ந்தவர்கள். அவர்களிடமும் கேட்டிருந்தால் குழுவின் நாள்வரிசையில் உள்ள இடைவெளிகள் குறைந்திருக்கும்.

இவ்வளவுக்கும், வானத்தைக் கண்டவாறே குறிக்கும் மரபு தமிழில் மிகப் பழையது. புறநானூற்றின் 229ஆம் பாடலில் கூடலூர் கிழார், வானிலிருந்து ஒரு மீன் எரிந்து விழுந்ததைக் கண்டு, சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்குத் தீங்கு வரும் என்று அஞ்சுகிறார். ஏழாம் நாள் மன்னன் இறக்கிறான். இதனைத் தீநிமித்தப் பாடல் என்று சொல்லிக் கடந்துபோவது வகுப்பறை வழக்கம். பாடலை இரண்டாகப் பிரித்துப் படிக்குமாறு ஆசிரியர்களை வேண்டுகிறோம். முதற்பகுதியில் புலவர் தருவன: பங்குனித் திங்கள், திங்களின் எந்தப் பாதி, இரவின் எந்தப் பொழுது, எந்த விண்மீன் உச்சியிலிருந்து சாய்ந்தது, எது எழுந்தது, எது மறைந்தது, விழுந்த மீன் பாசி எனும் கிழக்குக்கும் செல்லவில்லை, ஊசி எனும் வடக்குக்கும் செல்லவில்லை என்பது. இவை ஒரு தேர்ந்த சாட்சியின் குறிப்புகள். இன்றைய எரிகல் நோக்கர் நிரப்பும் படிவத்தில் இவற்றுக்கெல்லாம் இடம் உண்டு. இரண்டாம் பகுதியில் வருவது மன்னனின் சாவு பற்றிய அச்சமும், அது நேர்ந்தபோது யானை, முரசு, குடை, குதிரை ஆகியவை அடைந்த நிலையும். இரண்டாவதை நாம் ஏற்காமல் போகலாம். அதற்காக முதலாவதைக் கைவிடுவது நன்மணியைக் குப்பையோடு கொட்டுவதாகும். கருதலை இகழும் வேகத்தில் காட்சியையும் இகழ்ந்துவிடுவது நம் காலத்தின் தேராது தெளிதல்.

அண்மைக் காலத்திலிருந்து இரண்டு. 2001 ஜூலை 25ஆம் நாள் கேரளத்தின் கோட்டயம் மாவட்டம் சங்ஙனாச்சேரியில் செந்நிற மழை பெய்தது. அதற்குச் சற்று முன் பேரிடியும் மின்னொளியும் தோன்றின என்று ஊரார் சொன்னார்கள். எரிகல் வெடித்து அதன் துகளே மழையில் இறங்கியிருக்க வேண்டும் என்று புவியறிவியல் ஆய்வு நிறுவனம் ஒன்று முதலில் கூறிற்று. சில நாளில் அந்நிறுவனமே நுண்ணோக்கியில் பார்த்துத் தன் கூற்றைத் திரும்பப் பெற்றது. துகள்கள் வித்துத்தூள் போன்றிருந்தன. திருவனந்தபுரத் தாவரவியல் நிறுவனத்துடன் இணைந்து வளர்த்துப் பார்த்தபோது, அவை அப்பகுதி மரங்களில் படரும் திரெந்தெபோலியா என்னும் பாசியின் வித்துகள் என்று தெரிந்தது. அவை வேற்றுலக உயிரணுக்கள் என்று பின்னர் இரு இயற்பியலாளர்கள் முன்வைத்த கருத்து உலகெங்கும் பேசப்பட்டது; பாசி என்ற முடிவு எளிதாக இருந்ததால் அதற்கு அத்தனை செவிகள் கிடைக்கவில்லை. இடி கேட்டதும் உண்மை, மழை சிவந்ததும் உண்மை. இரண்டையும் கோத்த நூல்தான் மனிதர் திரித்தது.

மற்றது துயரமானது. 2016 பிப்ரவரி 6ஆம் நாள், வேலூர் மாவட்டத்தில் அன்று இருந்த நாட்டறம்பள்ளி அருகே, தனியார் பொறியியற் கல்லூரி ஒன்றின் வளாகத்தில் வெடிப்பு நிகழ்ந்தது. பேருந்து ஓட்டுநர் ஒருவர் இறந்தார், மூவர் காயமுற்றனர், சன்னல் கண்ணாடிகள் நொறுங்கின, தரையில் ஒரு குழி. விண்கல் விழுந்தது என்று மாநில அரசு அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 1 இலட்சம் ரூபாய் உதவியும் வழங்கிற்று. விண்கல்லால் மாண்ட முதல் மனிதர் என்று உலக நாளிதழ்கள் எழுதின. வெளியான நிழற்படங்களைப் பார்த்த அளவில் அது நிலத்தில் நிகழ்ந்த வெடிப்பாகவே தோன்றுகிறது என்றனர் அமெரிக்க விண்வெளி நிறுவன அறிவியலாளர்கள். சிறு விண்கல் வளிமண்டலத்தில் வேகமிழந்து, எறிந்த கல்லைப் போல வீழும், நிலத்தில் வெடிக்காது. அதன் மேல் உருகிக் கருத்த மெல்லோடு இருக்கும். இவை நூல்களில் உள்ள செய்திகள். அவற்றைச் சரிபார்க்கும் முன்பே காரணத்துக்குப் பெயர் சூட்டப்பட்டதுதான் நம்மை உறுத்துகிறது. வானத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டால், வளாகத்தில் வெடிபொருள் ஏதும் இருந்ததா என்று கேட்கவேண்டிய கட்டாயம் எவருக்கும் இராது. உதவித்தொகை கிடைக்கும், கேள்வி மறைந்துவிடும். இறந்தவரின் குடும்பத்துக்கு அந்தக் கேள்வியும் உரியதல்லவா?

நம் நகரத்து வானம்

சிங்கப்பூரில் அடையாளம் தெரியாத பறக்கும் பொருள் என்பது கதைப்பொருள் அன்று. வான்பாதுகாப்பின் அன்றாடச் சொல். 2008 ஜனவரி 22ஆம் நாள் அனுமதியின்றி வான்வெளியில் நுழைந்த ஒரு சிறு விமானத்தை எதிர்கொள்ளப் போர்விமானங்கள் எழுந்தன. சாங்கி விமான நிலையம் ஏறத்தாழ 50 நிமிடம் மூடப்பட்டது. தாய்லாந்திலிருந்து வந்த செஸ்னா வகை விமானம் அது. 2019 ஜூன் 18, 19ஆம் நாள்களில் சாங்கி அருகே ஆளில்லா வானூர்திகள் தென்பட்டதால் 37 விமானச் சேவைகள் தாமதமாயின. 2022 ஜூலை இறுதியில் சீனாவின் லாங் மார்ச் 5பி ஏவுகணையின் எச்சம் வளிமண்டலத்தில் எரிந்து நுழைந்ததை சரவாக்கின் கூச்சிங் மக்கள் நள்ளிரவில் கண்டு படம்பிடித்தனர். எரிகல் பொழிவு என்றே பலர் எண்ணினர். எரிகல் ஓரிரு நொடியில் மறையும். இதுவோ மெதுவாக, பல துண்டுகளாக, கிடையாக நகர்ந்தது. ஏவுகணையின் சுற்றுப்பாதை முன்பே அறியப்பட்டிருந்ததாலும், சிதைவுத் துண்டுகள் பின்னர் நிலத்தில் கிடைத்ததாலும் ஐயம் தீர்ந்தது.

எல்லாம் இவ்வாறு தீர்வதில்லை. அமெரிக்க வான்படை 1969 வரை திரட்டிய 12,618 அறிக்கைகளில் 701 அடையாளம் காணப்படாதவையாகவே மூடப்பட்டன. அவற்றை வேற்றுலகத்தார் வருகைக்குச் சான்று என்று ஒரு சாராரும், வெறும் மயக்கம் என்று மறுசாராரும் எடுத்தாள்கின்றனர். அடையாளம் காணப்படாதது என்ற சொல்லுக்கு அச்சொல்லுக்கு மேல் பொருள் இல்லை. 2023 செப்டம்பரில் அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் தனியாய்வுக் குழு வெளியிட்ட அறிக்கையும், வேற்றுலகத் தொடர்புக்குச் சான்றில்லை என்றதோடு, கிடைக்கும் தரவுகளின் தரம் போதாது என்பதையே பெரிதும் பேசிற்று. கண்டதைச் சொல்பவரை நகையாடும் வழக்கம் தரவைக் குறைக்கிறது என்றும் அது குறிப்பிட்டது. 1884இல் சைமன்ஸ் கேட்ட நாள், நேரம், இடம் ஆகியவற்றையே நூற்று நாற்பது ஆண்டு கழித்தும் கேட்கவேண்டியிருக்கிறது.

வகுப்பில் செய்யத்தக்க ஒன்றைச் சொல்லி நிறுத்துகிறோம். தனியொரு விளக்கொளியை இரவு வானில் காண்பவர் அதன் பருமனையோ தொலைவையோ வேகத்தையோ கண்ணால் அறிய முடியாது. அருகில் உள்ள சிறியதும் தொலைவில் உள்ள பெரியதும் விழித்திரையில் ஒன்றே. அறியக்கூடியவை திசை, அடிவானிலிருந்து உயரக்கோணம், கடிகார நேரம் ஆகிய மூன்றே. எனவே ஒரு மாணவரைத் தேக்காவில் ஓர் அடுக்குமாடியின் மேல்தளத் தாழ்வாரத்திலும், மற்றொருவரை அதற்குக் கிழக்கே ஏறத்தாழ 9 கிலோமீட்டரில் உள்ள பிடோக்கிலும் நிறுத்துங்கள். தேக்கா மாணவர் கிழக்கே 45 பாகையில் ஓர் ஒளியைக் குறிக்கும் அதே நொடியில் பிடோக் மாணவர் அதனைத் தலைக்கு நேரே குறித்தால், அதன் உயரம் 9 கிலோமீட்டர். பெரும்பாலும் பயணிகள் விமானம். இருவருமே கிழக்கே 45 பாகை என்று எழுதினால் அது மிகமிகத் தொலைவில் உள்ளது. கோளாகவோ விண்மீனாகவோ இருக்கும். படிவத்தில் நான்காவதாக ஒரு கட்டமும் வையுங்கள்: ‘எதனைப் போலிருந்தது?’ அந்தக் கட்டத்தில் மட்டும் மாணவர் விரும்பிய உவமையை எழுதலாம். உவம உருபை விட்டுவிட்டால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.